பிடியரிசிப் பெட்டியை மூடாதீர்கள்: சபை மூப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய போதகர் ஐயாவுக்கும், மூப்பர்களுக்கும், நிர்வாகக் குழுவில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும், யாங்கோனிலிருந்து உங்கள் சபையின் வயதான அங்கத்தினள் ஒருத்தி எழுதுவது. ஸ்தோத்திரம்.

போன மாதக் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் வாசித்த அறிவிப்பைக் கேட்டேன். இனி சபையில் பிடியரிசி சேர்ப்பதில்லை என்றீர்கள். இரண்டு வாரம் முன்பு வந்து பேசிய பிரசங்கியார் சொன்னதையே காரணமாகவும் சொன்னீர்கள்: விசுவாசத்தினால் மட்டுமே இரட்சிப்பு, அரிசி கொடுத்துப் புண்ணியம் சேர்ப்பது பௌத்தர்களின் வழி, அது நமக்கு வேண்டாம். அன்றைக்கே எழுந்து பேசியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. மூன்று ராத்திரி யோசித்துவிட்டு எழுதுகிறேன். இதே பேச்சு இங்குள்ள வேறு தமிழ்ச் சபைகளிலும் கேட்கிறது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அதனால்தான் உங்களிடம் தனியாகச் சொல்லாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பிடியரிசி என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. என் அம்மா அடுப்படியில் ஓர் ஓவல்டின் டப்பா வைத்திருந்தார். இங்கே அரிசி அளப்பது கெட்டிப்பால் டின்னால்தானே, எட்டு டின் ஒரு பியீ. வேளைக்கு மூன்று டின் அளந்து சட்டியில் போடுவார். களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு கைப்பிடி திரும்ப எடுத்து ஓவல்டின் டப்பாவில் போடுவார். மூடியைத் திறக்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் சோறு ஆகப் போகிறது என்று எங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை டப்பாவோடு கோயிலுக்குப் போய் வாசலில் இருக்கும் தகரப் பெட்டியில் கவிழ்த்துவிட்டு வருவோம். அந்த வாரம் யார் வீட்டில் உலை ஏறவில்லையோ அவர்கள் வீட்டுக்கு அது போகும். அவ்வளவுதான் பிடியரிசி.

1964இல் எனக்கு ஐந்து வயது. கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அப்பாவின் சின்னக் கடையும் போயிற்று, பெட்டியில் இருந்த பணமும் போயிற்று. சொந்தக்காரர்களில் பாதிப்பேர் மெட்ராஸ் கப்பலேறினார்கள். நாங்கள் போகவில்லை. அந்த வருஷம் முழுக்க, நாங்கள் கொண்டுபோய்க் கொட்டிய அதே பெட்டியிலிருந்து எங்கள் வீட்டுக்கு அரிசி வந்தது. வந்த அரிசியில் சமைக்கும்போதும் அம்மா ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டார். 'நமக்கே தர்மமாக வந்ததில் எதற்கும்மா' என்று அக்கா கேட்டாள். 'வந்ததுனாலதான்டி' என்றார் அம்மா. நான் படித்த வேதபாடம் எல்லாவற்றையும்விட அந்த ஒரு சொல் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

சரி, பிரசங்கியாரின் போதனைக்கு வருகிறேன். அவர் வாசித்த வசனம் பவுல் எழுதிய எபேசியர் 2:8, 9. கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது தேவனுடைய ஈவு, ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல. ஆமென், இதில் ஓர் எழுத்தையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்பதாம் வசனத்தோடு அவர் வேதத்தை மூடிவிட்டார். நான் மூடவில்லை, மடியில் திறந்தே இருந்தது. பத்தாம் வசனம், நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. அதுவும் அந்தக் கிரியைகளை தேவனே முன்னதாக ஆயத்தம்பண்ணி வைத்திருக்கிறாராம். மூன்று வசனமும் ஒரே மூச்சில் எழுதப்பட்டவை. நடுவில் ஏன் நிறுத்த வேண்டும்?

விசுவாசத்தினாலே என்ற பவுல் ஒரு பக்கம், கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்ற யாக்கோபு மறுபக்கம் என்று சண்டை மூட்டுகிறவர்கள் இருவரும் யாரோடு பேசினார்கள் என்பதைப் பார்ப்பதில்லை. விருத்தசேதனம் செய்துகொண்டால்தான் தேவன் ஏற்றுக்கொள்வார் என்று புறஜாதியாரை நெருக்கியவர்களோடு பவுல் வாதாடினார். வீட்டுக்குள் வர நுழைவுச்சீட்டு கேட்காதே என்பது அவர் வாதம். யாக்கோபு பேசியது ஏற்கெனவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தவர்களோடு. பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம் கொடுத்து, கந்தை கட்டியவனைக் காலடியில் உட்காரச் சொன்ன சபை அது. ஆபிரகாம் கர்த்தரை விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்ற ஆதியாகமம் 15ஆம் அதிகார வசனத்தை இருவருமே எடுத்துக் காட்டுகிறார்கள். ஒருவர் அந்த விசுவாசம் பிறந்த நாளைப் பார்க்கிறார். மற்றவர் அது வளர்ந்து ஈசாக்கோடு மலையேறிய நாளைப் பார்க்கிறார்.

பவுலை அவருடைய வாயாலேயே கேட்கலாம். நியாயப்பிரமாணத்தின் கிரியைகளினால் ஒருவனும் நீதிமானாக்கப்படுவதில்லை என்று அவர் எழுதியது கலாத்தியர் 2:16. ஆறு வசனம் முன்னால், 2:10இல், தரித்திரரை நினைத்துக்கொள்ளும்படி எருசலேம் சபையின் தூண்களான தலைவர்கள் தன்னைக் கேட்டுக்கொண்டதையும், அதைச் செய்ய ஏற்கெனவே தனக்குக் கருத்து இருந்ததையும் சொல்கிறார். அப்புறம் 1 கொரிந்தியர் 16ஆம் அதிகாரம். வாரத்தின் முதல்நாள்தோறும் உங்களில் அவனவன் தன் வரவுக்குத் தக்கபடி எடுத்துச் சேர்த்து வைக்கட்டும் என்கிறார். வாரத்தின் முதல்நாள், அவனவன், தன் வரவுக்குத் தக்கபடி, எடுத்து வைப்பது. ஐயா, என் அம்மாவின் ஓவல்டின் டப்பா வேறு என்ன? விசுவாசத்தினாலே என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்ன அதே மனிதர்தான் இந்தப் பிடியரிசிக்கும் தகப்பன்.

'லூத்தர் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்றார்' என்று பிரசங்கியார் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். 1522இல் வந்த ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில், சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் அப்படி எழுதியது உண்மைதான். பின்னாளைய பதிப்புகளில் அந்த வரி இல்லை. அதே 1522இல் அதே லூத்தர் ரோமர் நிருபத்துக்கும் ஒரு முன்னுரை எழுதினார். விசுவாசம் உயிருள்ளது, ஓயாமல் வேலை செய்வது, நல்லது செய்யவேண்டுமா என்று அது கேட்பதற்கு முன்பே செய்துவிட்டிருக்கும், நெருப்பிலிருந்து சூட்டையும் வெளிச்சத்தையும் பிரிக்க முடிந்தால்தான் விசுவாசத்திலிருந்து கிரியையைப் பிரிக்கலாம் என்ற கருத்தை அதில் சொல்கிறார். 1738 மே 24 அன்று லண்டனில் யாரோ அந்த முன்னுரையை வாசிக்கக் கேட்டுத்தான், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் இருதயம் அனலாயிற்று. லூத்தரன் சபைகளும் கத்தோலிக்க சபையும் இந்த விசுவாசம், கிரியை விஷயத்துக்காக ஒன்றையொன்று சபித்துக்கொண்டது போதும் என்று 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கையெழுத்தே போட்டுவிட்டார்கள். கிருபையினால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், அந்தக் கிருபையே நம்மை நற்கிரியைக்கு எழுப்புகிறது என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட பிறகு, நாம் மட்டும் ஏன் அரிசிப் பெட்டிக்குப் பூட்டுப் போடுகிறோம்?

சிலுவையில் தொங்கிய கள்ளன் என்ன கிரியை செய்தான் என்று பிரசங்கியார் கேட்டார். நல்ல கேள்வி. ஒன்றும் செய்யாமலே பரதீசுக்குப் போனான், அதற்காகத் தேவனைத் துதிக்கிறேன். என் கணவர் கடைசி நாட்களில் பற்றிக்கொண்டதும் அந்தக் கள்ளனின் ஜெபத்தைத்தான். ஆனால் லூக்கா 23ஐ நிதானமாகப் படித்துப் பாருங்கள். அவனுடைய கையும் காலும் அறையப்பட்டிருந்தன, நாக்கு ஒன்றுதான் சும்மா இருந்தது. அந்த நாக்கால், இயேசுவை இகழ்ந்த மற்றவனை அதட்டினான், இவர் தகாததொன்றையும் நடப்பிக்கவில்லை என்று எல்லோருக்கும் முன்னால் சாட்சி சொன்னான். அசைக்க முடிந்த ஒரே அவயவத்தையும் அவன் விசுவாசம் சும்மா விடவில்லை. நம் கைகளோ கட்டவிழ்ந்து கிடக்கின்றன.

இனி சொல்லப்போவது எனக்குக் கஷ்டமானது. 2021 ஜூலையில் இந்த ஊர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். ஆக்சிஜன் சிலிண்டருக்காக ஜனங்கள் தெருத் தெருவாக வரிசையில் நின்றார்கள். என் கணவருக்கு மூச்சுத் திணறியபோது நான் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் பண்ணினேன். நம் சபைச் சகோதரர் ஒருவர், 'விசுவாசமாயிருங்க அக்கா, ஜெபிக்கிறோம்' என்று சொல்லி வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் வீட்டில் என்ன பாடோ. பக்கத்து வீட்டுப் பர்மிய அம்மாவின் மகன் விடிந்தும் விடியாமலும் போய் வரிசையில் நின்று, சாயங்காலம் ஒரு சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். தோளில் சட்டை கிழிந்திருந்தது. காசு வாங்க மாட்டேன் என்றான், குத்தோ என்றான், அதாவது புண்ணியம். அதற்குப் பின் என் கணவர் நாலு நாள் இருந்தார். அந்த நாலு நாளில்தான் பிள்ளைகளோடு பேசினார், கடைசியாகச் சங்கீதம் கேட்டார்.

அந்த அம்மா தினமும் விடியற்காலையில் சுடுசோற்றுப் பானையோடு வாசலில் நின்று பிக்குகளுக்கு அன்னம் இடுகிறவர். தெருமுனையில் தண்ணீர்ப் பானை வைத்து, வழிப்போக்கர் குடிக்க நிரப்பி வைக்கிறவர், நம் ஊர்த் தண்ணீர்ப்பந்தல் மாதிரி. குத்தோ சேரும் என்று நம்பித்தான் செய்கிறார். நான் அப்படி நம்பவில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் சிலுவையில் ஏற்கெனவே கிடைத்துவிட்டது, இனி நான் சம்பாதிக்க ஒன்றுமில்லை. பிரசங்கியார் சொன்ன வித்தியாசம் உண்மையானது, நானும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த வித்தியாசத்தால் நாம் அவரைவிட அதிகமாகக் கொடுக்க வேண்டுமா, குறைவாகவா? கிடைக்கும் என்று கொடுக்கிறவர் பானை நிறையச் சோறு எடுத்து வருகிறார். கிடைத்துவிட்டது என்று சொல்கிற நாம் இருந்த ஒரு பெட்டியையும் மூடுகிறோம். சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடாவிட்டால் பிரயோஜனமென்ன என்று யாக்கோபு கேட்ட கேள்வியை நான் போனில் கேட்டவள், ஐயா. அந்தப் பக்கத்தில் நின்று கேட்டால் அது வேறு மாதிரி கேட்கும்.

இதையும் சொல்ல வேண்டும். அடக்கம் முடிந்த மறுநாள் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு பை இருந்தது. உள்ளே அரிசி. நாலைந்து விதம் கலந்த அரிசி, ஒன்று பெரியது, ஒன்று உடைந்தது, ஒன்று கொஞ்சம் பழுப்பு. பல வீட்டுப் பானையிலிருந்து வந்த அரிசி அப்படித்தான் இருக்கும். ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்த அந்த நாட்களில் நம் சபையிலிருந்து என் வாசல் வரைக்கும் வந்தது அது ஒன்றுதான்.

2008 மே மாதம் நர்கிஸ் புயல் டெல்டாவை அழித்தபோதும், 2025 மார்ச் 28இல் பூமி அதிர்ந்து மண்டலேயும் சகாயிங்கும் இடிந்தபோதும் அதே பெட்டியிலிருந்து மூட்டைகள் போயின. அதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, நீங்களே தூக்கி ஏற்றினீர்கள்.

நம் நாட்டுக்குச் சுவிசேஷம் கொண்டு வந்த ஜட்சன் ஐயரை ஒவ்வொரு வருஷமும் நினைவுகூருகிறோம். 1813இல் ரங்கூனில் இறங்கினார், ஆறு வருஷம் கழித்து 1819இல்தான் அவரிடம் முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றார், 1834இல் முழு வேதாகமத்தையும் பர்மிய மொழியில் முடித்தார் என்று பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். 1824 ஜூனில் அவரைப் பிடித்து ஆவா சிறையில் போட்டபோது அவருக்குச் சோறு கொண்டுபோனது யார்? மனைவி ஆன். வயிற்றில் பிள்ளையோடு, அதிகாரி அதிகாரியாகப் போய்க் கெஞ்சி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, சாப்பாடு சேர்த்தார். புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை, காவலன் ஆசைப்பட முடியாதபடி மகா மட்டமான ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். கைதிகளை வேறிடத்துக்கு இழுத்துப் போனபோது அந்தத் தலையணைப் பஞ்சு வீசப்பட்டுக் கிடந்தது. மாங் இங் என்ற விசுவாசி, ஐயாவின் ஞாபகமாக இருக்கட்டும் என்று எடுத்து வைத்தார். மாதங்கள் கழித்துப் பார்த்தால் உள்ளே பிரதி பத்திரமாக இருந்தது. விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுகிறோம் என்ற வசனம் பர்மிய மொழியில் பிழைத்தது ஒரு பெண்ணின் ஊசியாலும், குப்பையாகக் கிடந்ததைக் குனிந்து எடுத்த ஒருவர் கையாலும்.

பிரசங்கியார் சொன்னதில் ஒன்றை நான் ஏற்றுக்கொள்கிறேன். கொஞ்ச வருஷமாக நாம் யார் வீடு எத்தனை பியீ கொண்டு வந்தது என்று ஆராதனை முடிவில் பேர் சொல்லி வாசிக்கிறோம். அது தப்பு. ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு என்ற வசனம் அந்த இடத்தில்தான் நம்மைக் குத்த வேண்டும். வாங்குகிறவர்களின் பேரும் சில சமயம் வெளியே வருகிறது. போன வருஷம் ஒரு விதவைத் தாய் அதனாலேயே இரண்டு ஞாயிறு கோயிலுக்கு வரவில்லை. என் அம்மா காலத்தில் வாசிப்பு கிடையாது, டப்பாவைக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். நமக்கு வந்த நோய் இந்த வாசிப்பு. அதை நிறுத்துங்கள்.

ஆக நான் உங்களிடம் கேட்பது இது. அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். பட்டியல் வாசிப்பதை விட்டுவிடுங்கள். யாருக்குப் போகிறது என்பதை இரண்டு பேர் மட்டும் தெரிந்து, இருட்டியபிறகு கொண்டுபோய்க் கொடுக்கட்டும். முடிந்தால், நம் தெருவில் கஷ்டப்படுகிற பர்மியக் குடும்பங்களையும் சேர்த்துக்கொள்வோம். அரிசி விற்கிற விலைக்கு முன்போல் பெட்டி நிறையாது என்று சிலர் சொல்கிறார்கள். நிறையாவிட்டால் பாதிப் பெட்டி.

தகரப் பெட்டியை ஒலிபெருக்கிச் சாமான்களுக்குப் பின்னால் தள்ளி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். மூடியின் இடது கீல் துருப்பிடித்திருக்கும், இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் திறக்கும். வருகிற ஞாயிறு நான் டப்பாவோடு வருவேன். பெட்டி வாசலில் இல்லையென்றால் கதவோரம் வைத்துவிட்டுப் போகிறேன், உள்ளே எடுத்து வையுங்கள்.