பணம் தீரும் தேதி

அன்பு மகளுக்கு,

"கம்பெனிப் பணம் எட்டு ஒன்பது மாசம் தாங்கும்மா" என்று போனில் சொன்னாய். அந்த 'எட்டு ஒன்பது'தான் எனக்கு உறுத்துகிறது. தூக்கம் வராதது, கூட்டாளியோடு மனக்கசப்பு, அந்த முதலீட்டாளர் கேட்ட கேள்வி எல்லாவற்றுக்கும் வருகிறேன். முதலில் தேதியைப் பேசிவிடலாம்.

வங்கி இருப்பை மாதம் நிகரமாகக் கரையும் தொகையால் வகுத்து வருவதை எல்லோரும் ரன்வே என்கிறார்கள். அந்த இருப்பில் ஒரு பகுதி உன் பணமே கிடையாது. இருப்பு 90 லட்சம் என்று வைத்துக்கொள். வாடிக்கையாளரிடம் வசூலித்து இன்னும் கட்டாத வரி 6. வேலை முடியாமல் வாங்கிவைத்த முன்பணம் 9. நாளைக்கே மூட நேர்ந்தால் ஊழியர்களுக்குத் தர வேண்டிய கடைசிச் சம்பளமும் நோட்டீஸ் கால ஊதியமும் 15. மிச்சம் 60. மாதம் வெளியே போவது 14, உள்ளே வருவது 4 என்றால் நிகரமாகக் கரைவது 10. ஒன்பது மாதம் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பது ஆறு மாதம்தான்.

முதலீடு திரட்டுவதற்கே மூன்றிலிருந்து ஆறு மாதம் ஓடிவிடும். முதல் சந்திப்பு, கேள்விகள், டெர்ம் ஷீட் (முதலீட்டின் நிபந்தனைகளை எழுதிய தாள்), கணக்குச் சரிபார்ப்பு, வக்கீல்கள், பிறகுதான் பணம். பன்னிரண்டு மாதம் கையில் இருக்கும்போது கேட்கத் தொடங்குகிறவளுக்கு 'வேண்டாம்' என்று சொல்ல முடியும். மூன்று மாதம் வைத்துக்கொண்டு கேட்பவளுக்கு அது முடியாது, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் அது தெரியும்.

இருபத்தாறு வாரத்துக்கு ஒரு தாள் போடு. ஒரு வாரத்துக்கு ஒரு நெடுவரிசை. வரவு, செலவு, வார இறுதி இருப்பு. இன்வாய்ஸ் அனுப்பிய வாரத்தில் வரவு எழுதாதே. அந்த வாடிக்கையாளர் கடந்த முறை எத்தனை நாள் கழித்துக் கொடுத்தாரோ அத்தனை நாள் தள்ளி எழுது. வருடத்துக்கு ஒருமுறை கட்டும் காப்பீடு, மென்பொருள் சந்தா போன்றவை மாதச் சராசரியில் ஒளிந்துகொள்ளும், அவற்றைத் தனி வரியில் போடு. பெரும்பாலும் பொய்யாகிப்போவது விற்பனை வரவுதான், ஆசையில் எழுதுவதால். அந்த வரவை மட்டும் அறுபது நாள் தள்ளிவைத்து இன்னொரு தாள் போட்டுப் பார். எந்த வாரத்தில் இருப்பு மைனஸுக்குப் போகிறது என்று தெரிந்தபின் இரவில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் நேரம் குறையும். தெரியாத எண்தான் தூக்கத்தைக் கெடுக்கும். தெரிந்த எண் மோசமானதாக இருந்தாலும் அதை வைத்து ஏதாவது செய்யலாம்.

இன்னொன்று: இரண்டு மாதச் சம்பளத்தை வேறொரு வங்கியில் வை. 2023 மார்ச் 10ஆம் தேதி வெள்ளிக்கிழமை சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டபோது, அமெரிக்காவில் ஒரு வைப்பாளருக்கு 2,50,000 டாலர் வரைதான் காப்பீடு. மொத்தப் பணமும் பத்திரம் என்று அரசு ஞாயிற்றுக்கிழமைதான் அறிவித்தது. அந்த இரண்டு நாளும் சம்பளத்துக்கு வழி தெரியாமல் தவித்தவர்களில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிறுவனங்களை நடத்தியவர்களும் உண்டு.

விற்பனை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உனக்கே தெரியும். ஒரே ஒரு கணக்கு. மாதம் 5 சதவீத வாடிக்கையாளர்கள் போனால் சின்ன எண்ணாகத் தெரியும். பன்னிரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் முதலில் இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் இல்லை. புதிதாக வருகிறவர்களுக்குக் கைதட்டும் அலுவலகத்தில் இதை யாரும் கவனிப்பதில்லை. போனவர்களில் பத்துப் பேருக்கு நீயே போன் செய். "எங்கள் தயாரிப்பு பிடித்திருந்ததா" என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். "இப்போது அந்த வேலையை எதை வைத்துச் செய்கிறீர்கள், அதற்கு எவ்வளவு ஆகிறது" என்று கேள்.

கூட்டாளி விஷயம். அவர் நல்லவர் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆளுக்குப் பாதி என்று நட்பில் பிரித்துக்கொண்டீர்கள், வெஸ்டிங் (வேலை செய்த காலத்துக்கு ஏற்பப் பங்கு சொந்தமாவது) எழுதவில்லை. அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். வழக்கமான ஏற்பாடு நான்கு வருடம். முதல் வருடம் முடியும்வரை ஒன்றும் கிடையாது, முடிந்ததும் கால் பங்கு, அதன்பின் மாதம் 48இல் ஒரு பங்கு. அவர் பதினான்காவது மாதம் முடிந்து விலகினால் நிறுவனத்தில் சுமார் 14.6 சதவீதம் அவருக்கு. எழுதாமல் விட்டால் 50 சதவீதமும் அவருடையதே. வேலை செய்யாத ஒருவரிடம் பாதிப் பங்கு இருக்கும் நிறுவனத்துக்கு வேறு யாரும் பணம் போட மாட்டார்கள். இந்தக் கட்டுப்பாடு உனக்கும் சேர்த்துத்தான் என்று நீயே முதலில் சொல், பேச்சு சுலபமாகும். கூடவே, இருவரும் எழுதிய மென்பொருள் நிரல் நிறுவனத்தின் பெயருக்கு மாற்றப்பட்டிருக்கிறதா, டொமைன் யாருடைய சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது, இருவரும் ஒத்துப்போகாதபோது கடைசி வார்த்தை யாருடையது என்பதையும் பார்த்து எழுதிவிடுங்கள். மூன்றாவதை எழுதத்தான் எல்லோரும் கூச்சப்படுவார்கள். சண்டை வந்தபின் அதை எழுதவே முடியாது.

டெர்ம் ஷீட் வந்தால் மதிப்பீட்டு எண்ணைக் கடைசியாகப் பார். ஒருவர் 5 கோடி போட்டு 20 சதவீதம் வாங்குகிறார், பின்னால் நிறுவனம் 8 கோடிக்குத்தான் விலைபோகிறது என்று வை. போட்டதைத் திரும்ப எடுக்கலாம், இல்லாவிட்டால் தன் பங்கை எடுக்கலாம், இரண்டில் ஒன்றுதான் என்று எழுதியிருந்தால் அவர் 5 கோடி எடுப்பார், மற்றவர்களுக்கு 3. போட்டதையும் எடுத்து மிச்சத்திலும் பங்கு என்றால் அவருக்கு 5.6, மற்றவர்களுக்கு 2.4. போட்டதில் இரண்டு மடங்கு என்று எழுதியிருந்தால் எட்டும் அவருக்கே; இத்தனை வருட உழைப்புக்கு உங்களுக்குப் பூஜ்யம். ஆப்ஷன் பூலையும் (ஊழியர்களுக்குக் கொடுக்க ஒதுக்கிவைக்கும் பங்குகள்) கவனி. முதலீட்டுக்குப் பின் இருக்கும் மொத்தப் பங்கில் 15 சதவீதத்தை முதலீட்டுக்கு முன்பே ஒதுக்கச் சொன்னால் அது முழுக்க உங்கள் இருவர் பங்கிலிருந்து போகிறது: முதலீட்டாளர் 20, பூல் 15, உங்களுக்கு 65. முதலீட்டுக்குப் பிறகு ஒதுக்கினால் உங்களுக்கு 68, அவருக்கு 17. அதற்கு அவர் சம்மதிப்பது அபூர்வம். அப்படியானால் பூலைச் சிறிதாக்கக் கேள். அடுத்த பதினெட்டு மாதத்தில் யார் யாரை எடுக்கப்போகிறாய், யாருக்கு எவ்வளவு என்று பட்டியல் போட்டுக்கொண்டு போ.

இப்போது அந்தக் கேள்வி. "வாடிக்கையாளர்களைப் போகாமல் எப்படித் தடுப்பீர்கள்" என்று உன்னிடம் கேட்டவர், உனக்கு முன் பேசிய பையனிடம் "எவ்வளவு பெரிதாக வளர்ப்பீர்கள்" என்று கேட்டாராம், உனக்குக் கோபம். கோபம் நியாயம்தான். டானா கான்ஸ் என்ற ஆய்வாளரும் அவரது குழுவும் நியூயார்க்கில் நடந்த ஒரு ஸ்டார்ட்அப் போட்டியின் கேள்வி பதில்களை எடுத்து ஆராய்ந்தார்கள். ஆண்களிடம் கேட்டவற்றில் 67 சதவீதம் வளர்ச்சி பற்றியவை, பெண்களிடம் கேட்டவற்றில் 66 சதவீதம் இழப்பைத் தவிர்ப்பது பற்றியவை. ஆய்வின் பயனுள்ள பகுதி அடுத்தது: தற்காப்புக் கேள்விக்குத் தற்காப்பாகவே பதில் சொன்னவர்களைவிட, வளர்ச்சியின் பக்கம் திருப்பியவர்கள் அதிக முதலீடு பெற்றார்கள். அதனால் ஒரு வாக்கியத்தில் கேட்டதற்குப் பதில், உடனே திருப்பம்: "மாதம் இத்தனை சதவீதம் போகிறார்கள், காரணம் இன்னது, சரிசெய்கிறோம். தங்கியிருப்பவர்கள் இரண்டாம் வருடம் இவ்வளவு கூடுதலாக வாங்குகிறார்கள், அதனால் இந்தச் சந்தை இவ்வளவு பெரிது." கண்ணாடி முன் சொல்லிப் பழகு, சிரிப்பு வந்தாலும் பரவாயில்லை. கல்யாணம், குழந்தை என்று கேட்டால், நீ மூன்று மாதம் இல்லாவிட்டால் யார் கையெழுத்திடுவார், யார் எந்த வேலையைப் பார்ப்பார் என்பதை மட்டும் சொல். அந்தப் பதில் உண்மையாகவே தயாராக இருக்க வேண்டும். காய்ச்சல் வந்தாலும் அதே பதில்தான் தேவைப்படும். இரவு நேரச் சந்திப்புகளைப் பகலுக்கு மாற்று, அலுவலகத்தில் வை, பேசியதை மறுநாள் மின்னஞ்சலில் எழுதி அனுப்பு.

உனக்கு நீ சம்பளம் எடுப்பதில்லை என்று பெருமையாகச் சொன்னாய். எனக்குப் பெருமையாக இல்லை. நிறுவனத்தின் உண்மைச் செலவு அதனால் மறைகிறது. வாடகைக்குப் பணம் இல்லாதவள் மோசமான ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடுவாள். வாடகையும் சாப்பாடும் மருத்துவமும் நடக்கிற அளவுக்காவது எடு.

கடைசியாக, வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாமா என்று கேட்டாயே. வேண்டாம். வங்கிக்காரர் நீட்டும் தனிநபர் உத்தரவாதத்திலும் கையெழுத்துப் போடாதே. நிறுவனத்தின் கடன் நிறுவனத்தோடு நிற்கட்டும் என்றுதானே கம்பெனியாகப் பதிவு செய்தாய்? அந்த ஒரு கையெழுத்து அந்தச் சுவரை இடித்துவிடும். அதிலும் சம்பளம் போடக் கடன் வாங்குவது, இந்த மாதத்தைக் கடத்திவிட்டு அடுத்த மாதம் அதே இடத்தில் வட்டியோடு நிற்பது. என்னால் இழக்க முடிந்த ஒரு தொகை இருக்கிறது. அது ஒரு தடவை மட்டும், நிறுவனத்துக்கு, எழுத்தில் தருகிறேன். திரும்பி வராது என்று என் கணக்கில் இப்போதே கழித்துவிட்டேன். இரண்டாம் தடவை கேட்காதே, கேட்டாலும் இல்லை என்பேன்.

அதற்கு முன் ஒன்று செய். ஆறு மாதக் கணக்கில் நான்காம் மாத முடிவுக்கு நேராகத் தாளில் ஒரு கோடு போடு. அந்த நாளில் புது முதலீடு எழுத்தில் வந்திருக்கவில்லை என்றால் ஊழியர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று நீயும் கூட்டாளியும் இப்போதே முடிவு செய்யுங்கள். அப்போது அவர்கள் வேறு வேலை தேட இரண்டு மாதம் இருக்கும், அவர்கள் கடைசிச் சம்பளத்துக்கு ஒதுக்கிய 15 லட்சமும் தொடாமல் இருக்கும்.

தாளைச் சனிக்கிழமைக்குள் அனுப்பு. பார்த்துவிட்டு ஞாயிறு காலை கூப்பிடுகிறேன். பத்து மணிக்கு மேல்தான், அதுவரை தூங்கு.

அம்மா