மாட்டுத்தாவணி மார்ஷல் எழுதுவது

ஃபீனிக்ஸ், அரிசோனா

அன்புள்ள நண்பா,

நலம். நலமறிய ஆவல். கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. ஒரு மாதத்துக்குத் தலைக்குக் குளிக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னதை நீ மதிக்கமாட்டாய் என்று தெரியும். உன் வீட்டு அம்மாளிடம் இதைப் படித்துக் காட்டு. இங்கே என் முழங்கால் பரவாயில்லை. மகன் வேலை மாறி டென்வருக்குப் போய்விட்டான். வெயில் இப்போதுதான் தணிந்திருக்கிறது, அதனால் வாரக் கடைசியில் மறுபடியும் துப்பாக்கியும் தொப்பியுமாகக் கிளம்பத் தொடங்கியிருக்கிறேன்.

"கௌபாய் வேஷத்தை இன்னும் கலைக்கவில்லையா? இந்தக் கூத்து இன்னும் எத்தனை நாளைக்கு ஓடும்?" என்று கேட்டிருந்தாய். நீ கேலிக்குக் கேட்டாய். எங்கள் சங்கத்திலோ நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் எல்லோரும் பேசுவது இதைத்தான். ஆகவே கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் எங்கள் கௌபாய் துப்பாக்கிச் சுடும் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், போனில் பாதிதான் சொல்லியிருக்கிறேன். ஒருவருக்கு நான்கு துப்பாக்கிகள்: இரண்டு ரிவால்வர், நெம்புகோலை இழுத்துச் சுடும் ஒரு ரைபிள், ஒரு ஷாட்கன். எல்லாம் 1900க்கு முந்தைய மாதிரிகளாக இருக்க வேண்டும். ரிவால்வரை ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னிழுத்துத்தான் சுட முடியும். உடை, பூட்ஸ், தொப்பி எல்லாம் அந்தக் காலத்தவை. குறி எஃகுத் தகடுகள், அதுவும் கைக்கெட்டும் தூரம் என்று சொல்லுமளவுக்கு அருகில். பட்டால் 'டங்' என்று கேட்கும், தவறினால் ஐந்து விநாடி தண்டம். யார் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. சுடுவதற்கு முன் ஒரு வசனம் சொல்ல வேண்டும், அதைச் சொல்லி முடித்த பிறகுதான் கடிகாரம் ஒலிக்கும். குறி தப்பாத ஆசாமிகள்கூட வசனத்தில் திக்குவார்கள்.

எல்லோருக்கும் ஒரு புனைபெயர் கட்டாயம். ஒருவர் வைத்திருக்கும் பெயரை இன்னொருவர் வைத்துக்கொள்ள முடியாது. நல்ல பெயர்களையெல்லாம் முன்னால் வந்தவர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நான் 'மாட்டுத்தாவணி மார்ஷல்' என்று பதிந்துகொண்டேன். போட்டியே இல்லை. இங்கே யாருக்கும் வாயில் நுழையாததால் நான் வெறும் 'மாட்டு'. நாம் கல்லூரியில் படித்தபோது அங்கே பஸ் நிலையம் ஏது, மாடுகள்தானே நின்றன! அந்த வகையில் இங்குள்ள பலரைவிட எனக்குத் தகுதி அதிகம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். எங்கள் ஆட்டத்தில் வயதுவாரியாகப் பிரிவுகள் உண்டு. 60க்கு சீனியர், 70க்கு எல்டர் ஸ்டேட்ஸ்மன், 75க்கு கேட்டில் பேரன், 80க்கு எல் பாட்ரோன். பெயர்கள் ஜோராகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒரு விளையாட்டு தன் ஏணியை மேல்பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டே போனால் என்ன பொருள் என்று வங்கியில் முப்பது வருடம் பேரேடு பார்த்த உனக்குச் சொல்ல வேண்டுமா? சிறுவர்களுக்கும் 'பக்கரூ' என்று ஒரு பிரிவு இருக்கிறது, அவர்கள் சின்னஞ்சிறு .22 தோட்டாவில் சுடலாம். பரிசளிப்பின்போது அந்தப் பிரிவின் பெயரைக் கூப்பிட்டால் பெரும்பாலும் யாராவது ஒருவருடைய பேரன் மட்டும் எழுந்து போவான். கைத்தட்டல் பலமாக இருக்கும்.

இதைத் தொடங்கியவர்கள் 1980களின் தொடக்கத்தில் தென் கலிபோர்னியாவில் இருந்த ஒரு நண்பர் கூட்டம். 1987இல் சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி என்று சங்கமாக்கினார்கள். வந்து சேர்ந்தவர்கள் யார் தெரியுமா? 1950களின் கடைசியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் மாலை நேரத்தில் இரண்டு டஜனுக்கு மேல் கௌபாய் தொடர்கள் ஓடின. அவற்றின் முன்னால் தரையில் உட்கார்ந்து, இடுப்பில் பொம்மைத் துப்பாக்கியோடு வளர்ந்த பிள்ளைகள். அவர்கள் நாற்பதை நெருங்கி, கையில் கொஞ்சம் காசும் ஓய்வும் சேர்ந்த நேரத்தில் இந்த ஆட்டம் பிறந்தது. கூட்டம் அள்ளியது. உறுப்பினர் எண் ஒரு லட்சத்தைத் தாண்டியது. எண் வாங்கியவர்களில் எத்தனை பேர் இன்று மைதானத்துக்கு வருகிறார்கள் என்பது வேறு கதை. நியூ மெக்சிகோவில் ஃபவுண்டர்ஸ் ராஞ்ச் என்று சங்கத்துக்குச் சொந்த நிலமே இருந்தது, உலகப் போட்டி அங்கேதான் நடந்தது. அதை விட்டுவிட்டு இப்போது எங்கள் ஊருக்கு வடக்கே அரசு நடத்தும் பென் ஏவரி மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். எனக்கு வசதிதான். ஆனால் சொந்த வீட்டை விட்டு வாடகைக்கு வந்த குடும்பத்தைப் பார்த்து அக்கம்பக்கத்தில் பேசாமல் இருப்பார்களா?

எனக்குத் தோன்றுவது இதுதான். இவர்களைக் கட்டிப்போட்டது வரலாறு இல்லை, தொலைக்காட்சி. நிஜ கௌபாய் வேலை 1860களின் பிற்பகுதியில் தொடங்கி இருபது வருடத்துக்குள் முள்கம்பி வேலியோடும் ரயில் பாதையோடும் ஏறக்குறைய முடிந்துபோனது. அதைச் செய்தவர்களில் கறுப்பர்களும் மெக்சிகோக்காரர்களும் கணிசம். அந்த உண்மை தொலைக்காட்சியிலும் வரவில்லை, எங்கள் மைதானத்திலும் அதிகம் தென்படவில்லை. ஆக, இவர்கள் நினைவில் வைத்திருப்பது ஒரு நினைவின் நினைவை. நமக்கும் அப்படித்தானே? ஒளிப்பதிவாளர் கர்ணன் ஜெய்சங்கரைக் குதிரையில் ஏற்றி எடுத்த படங்களுக்கு நாம் எந்தச் சரித்திரம் படித்துவிட்டுப் போனோம்? அந்தக் குதிரைகள் ஓடியது டெக்சஸில் இல்லை என்பது தரை டிக்கெட்டில் இருந்த நமக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

உங்கள் ஊர் ஜல்லிக்கட்டை நினைத்துப் பார். 2017இல் அதற்காக மெரினாவில் கூடிய பிள்ளைகளில் பாதிப்பேர் காளையைத் தொட்டே இருக்க மாட்டார்கள். ஆனாலும் அதற்கு அலங்காநல்லூர் இருக்கிறது, கோயில் இருக்கிறது, காளை வளர்க்கும் வீடு இருக்கிறது. அந்த வீட்டில் பிறக்கும் பையன் கேட்காமலே அதற்குள் வந்துவிடுகிறான். எங்கள் ஆட்டத்துக்கு ஊர் கிடையாது. தகப்பனுக்குப் பிடித்தது மகனுக்குப் பிடித்தால் உண்டு, இல்லாவிட்டால் தகப்பன் போன பிறகு நான்கு துப்பாக்கியும் விற்பனைக்கு வரும். இப்போது அப்படி நிறைய வருகின்றன. சங்கத்து அறிவிப்புப் பலகையில் யாருடைய மனைவியாவது கையால் எழுதி ஒட்டிய சீட்டு இருக்கும்: இரண்டு ரிவால்வர், தோலுறையோடு, அவருடைய பூட்ஸும் சேர்த்து, அளவு பத்து.

இன்னொரு வேடிக்கை கேள். இதைத் தொடங்கியவர்கள் அதற்கு முன் நவீனக் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் சுட்டுக்கொண்டிருந்தவர்கள். அங்கே விசேஷமாகச் செய்த துப்பாக்கி வைத்திருப்பவனே ஜெயிக்கிறான் என்று அலுத்துப்போய்த்தான் இந்தப் பக்கம் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பழைய துப்பாக்கி, சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்பது எண்ணம். பத்து இருபது வருடத்தில் இங்கேயும் அதே பந்தயம் வந்து உட்கார்ந்துகொண்டது. 1873 வின்செஸ்டர் மாதிரி ரைபிளின் உள்ளிணைப்பை மாற்றி, நெம்புகோல் பாதி தூரம் நகர்ந்தாலே அடுத்த தோட்டா ஏறும்படி செய்துவிடுகிறார்கள். தோட்டாவில் மருந்தைக் குறைத்து, உதைப்பே இல்லாமல் சுடுகிறார்கள். முன்வரிசைக்காரர்கள் ரிவால்வரில் பத்து, ரைபிளில் பத்து, ஷாட்கனில் நான்கு என்று மொத்தத்தையும் பதினைந்து விநாடிக்குள் முடித்துவிடுகிறார்கள். பார்க்கப் பிரமிப்பாக இருக்கும். அந்த ரைபிளை அந்தக் காலத்துக் கௌபாய் ஊரான டாட்ஜ் சிட்டியில் எவன் வைத்திருந்தான் என்று மட்டும் கேட்கக் கூடாது.

பழமைவாதிகள் இதைத்தான் திட்டித் தீர்க்கிறார்கள், வேகம்தான் ஆட்டத்தைக் கொன்றது என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வருகிற சில இளைஞர்களும் அந்த வேகத்தைப் பார்த்துத்தான் வருகிறார்கள். தொலைக்காட்சித் தொடரின் பெயர்கூடத் தெரியாது, வீடியோ விளையாட்டில் நெம்புகோல் ரைபிளைப் பார்த்திருக்கிறார்கள், அந்த 'டங்' சத்தம் பிடித்திருக்கிறது. அது போதாதா?

அவர்களை வாசலில் நிறுத்துவது காசு. நான்கு துப்பாக்கியும் தோல் சாமான்களும் சேர்ந்து மூவாயிரம் டாலருக்குக் குறையாது. பெரும்பாலான ரிவால்வர்கள் இத்தாலியில் பிரெஷியா பக்கம் செய்யப்படுபவை, வின்செஸ்டர் என்று பெயர் பொறித்த புது ரைபிள்கள் ஜப்பானில் மிரோகு ஆலையிலிருந்து வருகின்றன. மேற்கு அமெரிக்காவை இப்போது கிழக்கிலிருந்து கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள். அதன் மேல் தோட்டாச் செலவு. ஆறு சுற்றுப் போட்டி என்றால் ரிவால்வருக்கும் ரைபிளுக்குமாக 120 தோட்டாக்கள். பெரும்பாலோர் வீட்டிலேயே அடைத்துக்கொள்கிறோம். தோட்டாவின் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், கொரோனாவுக்கு முன் ஆயிரம் முப்பது நாற்பது டாலர், தட்டுப்பாட்டில் அது நூறைத் தாண்டியது. இறங்கினாலும் பழைய விலைக்கு வரவில்லை. அந்த இரண்டு வருடத்தில் சிலர் சத்தமில்லாமல் நின்றுவிட்டார்கள்.

ஆனால் காசைக் காட்டிலும் எனக்குக் கவலை வேறு. காலை ஆறு மணிக்கு வந்து எஃகுத் தகடுகளைத் தூக்கி நிறுத்துவது யார், முந்தின போட்டியின் ஈயக் கறைமேல் வெள்ளைப் பெயின்ட் அடிப்பது யார், தோட்டா நிரப்பும் மேசையில் நின்று ஒவ்வொருவர் கையையும் கவனிப்பது யார்? அந்த மேசையில் ஒரு சம்பிரதாயம் உண்டு: ஒன்று போடு, ஒன்று விடு, நான்கு போடு, சுத்தியலை இழுத்து மெல்ல இறக்கு. அப்படிச் செய்தால் சுத்தியல் காலி அறைமேல் உட்காரும், தவறி விழுந்தாலும் வெடிக்காது. அதைக் கவனிப்பதற்கு எங்கள் சங்கத்தில் ஒரு கிழவர் இருக்கிறார். கை நடுங்கும், கண் நடுங்காது. அவர் வராத நாளில் அந்த இடத்தில் யாரை நிறுத்துவது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். துப்பாக்கிச் சட்டம் வந்து இந்த ஆட்டத்தை மூடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பெயின்ட் அடிக்க ஆள் இல்லாமல் மூடுவோம் என்பது என் கட்சி.

ஆகவே சங்கக் கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னேன்: மாதத்தில் ஒரு நாள் ஒரு ரிவால்வரும் ஒரு ரைபிளும் போதும், துப்பாக்கியைச் சங்கமே இரவல் தரட்டும், ஜீன்ஸ் போட்டு வந்தாலும் விரட்ட வேண்டாம். உடை இல்லாமல் என்ன கௌபாய் என்று ஒருவர் எழுந்து சண்டைக்கு வந்தார். அவர் அணிந்திருந்த சட்டையில் சீனத் தயாரிப்பு என்ற துணிப்பட்டை காலருக்கு மேல் எட்டிப் பார்த்தது, நான் ஒன்றும் சொல்லவில்லை. பரிசோதனையாகச் செய்து பார்க்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. மைதானங்கள் குறையும், சின்னச் சங்கங்கள் பக்கத்துச் சங்கத்தோடு சேரும். அதெல்லாம் நடக்கத்தான் போகிறது. எண்ணிக்கையில் பாதியாகிப்போன ஆட்டம் செத்த ஆட்டம் இல்லை என்பேன்.

நீ பிப்ரவரியில் மகளைப் பார்க்க வரும்போது இங்கேயும் ஒரு வாரம் தங்கு. அந்த மாதக் கடைசியை ஒட்டித்தான் விண்டர் ரேஞ்ச் என்கிற தேசியப் போட்டி இங்கே நடக்கும். உன்னைச் சுடச் சொல்ல மாட்டேன். சுற்றுலா விசாவில் வருகிறவர்கள் துப்பாக்கியைக் கையில் வாங்கவே இங்கே சட்ட நிபந்தனைகள் உண்டு, வயதான காலத்தில் நமக்கு ஏன் வம்பு. கண் அறுவை செய்துகொண்டவனுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி நானே தருகிறேன், பார்வையாளருக்கும் அது கட்டாயம். தொப்பியும் தருகிறேன், மறுக்கக் கூடாது. டிக்கெட் தேதி முடிவானதும் எழுது. வரும்போது தல்லாகுளத்துக் கடையில் அந்தக் கார வேர்க்கடலை இரண்டு கிலோ வாங்கி வா, எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் அதற்கு அடிமை.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்