பேசிப் பழக இடம் கொடுங்கள்

கல்லூரி ஆங்கிலத் துறைத் தலைவர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும்,

வணக்கம். தகவல்தொடர்புத் திறன் என்று ஒரு தாள் வைத்திருக்கிறீர்கள். பல வகுப்புகளில் அதையும் ஆசிரியர்தான் பேசித் தீர்க்கிறார், மாணவர்கள் குறிப்பெடுக்கிறார்கள். எனக்கு வாய்த்த ஆங்கில விரிவுரையாளர் அப்படி நடத்தவில்லை. அவர் நடத்திய விதம் உங்கள் காதுக்கு வரவேண்டும்.

எங்களை இருவர் இருவராக உட்கார வைப்பார். நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை எதிரில் இருப்பவருக்கு நான்கு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். பிறகு வேறொருவரிடம் அதையே மூன்று நிமிடத்தில். அடுத்து இன்னொருவரிடம் இரண்டே நிமிடத்தில். முதல் சுற்றில் பாதி நேரம் தடுமாற்றத்திலேயே போகும். மூன்றாவது சுற்றில் வாக்கியம் தானாக வந்து விழும். கேட்பவர் ஒவ்வொரு முறையும் புதியவர், அதனால் சொன்னதையே சொல்கிறோமே என்ற கூச்சமும் கிடையாது. மொழி ஆசிரியர்கள் 1980-களிலிருந்தே கையாளும் பயிற்சிதான் இது, செலவே இல்லாதது.

பேசும்போது குறுக்கிட மாட்டார். காதில் விழுந்த பிழைகளைக் குறித்துக்கொண்டு, வகுப்பு முடியும் நேரத்தில் பலகையில் எழுதுவார். ‘ஷி டோன்ட் நோ’ என்று சொன்னது யார் என்பது அவருக்கும் சொன்னவருக்கும் மட்டுமே தெரியும். திருத்துவது எங்கள் பொறுப்பு.

கேள்வி கேட்டால் காத்திருப்பார். ஆசிரியர்கள் பதிலுக்குச் சுமார் ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே கண்டறிந்தார். அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீண்டன, வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். வேற்று மொழியில் சொல் தேடுகிறவருக்கு அந்த விநாடிகள் எவ்வளவு பெரியவை!

இப்படி நடத்தத் தெரிந்தவர்கள் உங்கள் துறைகளிலேயே இருப்பார்கள். ‘போர்ஷன் முடிந்ததா?’, ‘வகுப்பில் ஏன் இவ்வளவு சத்தம்?’ என்ற கேள்விகள்தான் அவர்கள் கையைக் கட்டிப்போடுகின்றன. தேர்விலோ ‘தகவல்தொடர்பின் வகைகளை விளக்குக’ என்று கேட்கிறார்கள். அதற்குப் பக்கம் பக்கமாக எழுதி முழு மதிப்பெண் வாங்கியவரால் நேர்முகத் தேர்வில் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் சொல்ல முடிவதில்லை. ஐரோப்பிய மொழித்திறன் வரையறை 2001-லேயே தனித்துப் பேசுவதையும் பிறரோடு உரையாடுவதையும் இரு வேறு திறன்களாகப் பிரித்துவிட்டது. நாம் இரண்டையும் சோதிப்பதில்லை.

அக மதிப்பீட்டில் பாதியையாவது உரையாடலுக்கு ஒதுக்குங்கள். பெரிய வகுப்புகளைப் பேச்சுப் பயிற்சிக்கு மட்டுமாவது இரண்டாகப் பிரியுங்கள். பாடத்திட்டத்தில் இரண்டு அலகுகளைக் குறைத்து அந்த நேரத்தை ஆசிரியரிடம் விடுங்கள். அடுத்த திருத்தக் கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அந்த வகுப்பில் பேசக் கற்ற ஒரு மாணவி