ஒரு டிரா போதும்டா

அன்புள்ள சேகர்,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. என் முழங்கால் பழையபடிதான். மாடிப்படியில் கால் வைத்தால் எனக்கு முன்னால் அது சத்தம் போடுகிறது.

“உன் டீம் என்ன ஆச்சு?” என்று கேட்டிருந்தாய். அதனால்தான் பதில் எழுத மூன்று வாரம் ஆனது என்று வைத்துக்கொள். நான் உயிரைவிடும் இங்கிலாந்துக் கால்பந்து அணி லூட்டன் இறங்கிவிட்டதுடா. 2024இல் உச்சிப் படியான பிரீமியர் லீக்கிலிருந்து இரண்டாம் படியான சாம்பியன்ஷிப்புக்கு, 2025இல் அங்கிருந்து மூன்றாம் டிவிஷனுக்கு. 2014இல் ஐந்தாம் படியிலிருந்து கிளம்பி உச்சிக்கு ஏற ஒன்பது வருஷம் பிடித்தது. இறங்க இரண்டே வருஷம்.

2024 ஆகஸ்டில் சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டமே சொந்த மைதானத்தில் பர்ன்லியிடம் 4-1 என்று உதை. ஜனவரியில் மேனேஜர் ராப் எட்வர்ட்ஸ் போனார். நம்மை மேலே ஏற்றிவிட்ட மனுஷன், எனக்கு அவர் மேல் கோபம் வரவே இல்லை. அடுத்து மேட் புளூம்ஃபீல்ட் வந்தார். ஏப்ரலில்தான் பையன்கள் விழித்துக்கொண்டார்கள்.

2025 மே 3, சீசனின் கடைசி நாள். டிவியில் எங்கள் ஆட்டம், மடியில் போனில், எங்களைப் போலவே இறங்காமல் தப்பிக்கப் போராடிய ஹல் சிட்டியின் ஸ்கோர். ஹல் போர்ட்ஸ்மத்துடன் 1-1 டிரா. அதோடு அவர்கள் 49 புள்ளியில் நின்றுவிட்டார்கள். நாங்களும் 49தான். வெஸ்ட் பிராம் அணியோடு அவர்கள் ஊரில் ஒரு டிரா செய்திருந்தால் 50, தப்பித்திருப்போம். 5-3 என்று தோற்றோம். புள்ளி சமமானால் அடித்த கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்ப்பார்கள்; அது ஹல்லுக்கு மைனஸ் 10, எங்களுக்கு மைனஸ் 24. 46 ஆட்டம் ஆடிவிட்டு ஒரே ஒரு டிராவுக்கு அழுகிறேன். என் மனைவி டீயை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டாள்.

பட்டியலின் மேலேயும் இதே கூத்துதான். லீட்ஸ், பர்ன்லி இரண்டுக்கும் 100 புள்ளி. கோல் வித்தியாசத்தில் லீட்ஸுக்குக் கோப்பை. பர்ன்லி 46 ஆட்டத்தில் வாங்கிய கோல் வெறும் 16! பார்த்தால் கொட்டாவி வரும், அது வேறு விஷயம். பாவம், ஷெஃபீல்ட் யுனைடெட். 90 புள்ளி எடுத்தும், மேலே போக மிச்சமிருக்கும் ஒரே இடத்துக்காக லண்டன் வெம்பிளி மைதானத்தில் நடக்கும் பிளே-ஆஃப் இறுதியில் 76 புள்ளி எடுத்த சண்டர்லாந்திடம் தோற்றார்கள். 95ஆவது நிமிஷம், டாம் வாட்சன் என்ற பொடியன் அடித்த கோல். அநியாயம் என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் 2023இல் நாங்களே அதே வெம்பிளியில் கவன்ட்ரியைப் பெனால்டியில் 6-5 என்று தாண்டித்தான் மேலே போனோம். அதனால் நான் பேசக்கூடாது.

சரி, நீ ஒருமுறை வரவேண்டும். எங்கள் கெனில்வொர்த் ரோடு மைதானத்தை நீ பார்த்ததில்லையே. எதிரணி ரசிகர்கள் உள்ளே போகும் வழி, ஓக் ரோட்டில் வரிசை வீடுகளின் நடுவே இருக்கிறது. இரண்டு வீட்டுக்கு இடையே, மாடி அறைக்குக் கீழே நுழைந்து இரும்புப் படி ஏறினால், இரண்டு பக்கமும் யார் யார் வீட்டுக் கொல்லையோ தெரியும். கொடியில் காயும் துணி, குப்பைத் தொட்டி, குழந்தையின் சைக்கிள். அதைத் தாண்டினால் பச்சைப் புல். லூட்டனிலேயே பவர் கோர்ட் என்ற இடத்தில் 25,000 பேருக்குப் புது ஸ்டேடியம் வரப்போகிறது. வந்துவிட்டால் இதெல்லாம் போய்விடும்.

ஆகஸ்டில் லீவு கிடைக்குமா என்று எழுது. மூன்றாம் டிவிஷனுக்கு டிக்கெட் கிடைப்பது முன்னைப் போலக் கஷ்டமாக இருக்காது. இரண்டாக எடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
ரவி