மூன்றாவது டிரைவ் பெட்டிக்கு வெளியே இருக்கட்டும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் பெயர் சூட்டு விழாவுக்கு வராமல் போனதற்கு நீ கோபித்துக்கொண்டாலும் நியாயம்தான். முதுகு இப்போது பரவாயில்லை, மாடிப்படி மட்டும் இன்னும் ஆகாது. தங்கச்சி கொடுத்தனுப்பிய நார்த்தங்காயை நான் தொடவே விடாமல் டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார். வீட்டில் மற்றவர்கள் தீர்த்துவிட்டார்கள்.

சரி, உன் பழைய ஐபிஎம் கம்ப்யூட்டர், அந்த எக்ஸ்டி கதைக்கு வருகிறேன். உள்ளே இருக்கும் இரண்டு ஃபிளாப்பி டிரைவ் போதவில்லை, மூன்றாவது போடப்போகிறேன், முடிந்தால் நாலாவதும், 1.2 எம்பி டிரைவ் ஒன்று மலிவாக வருகிறது என்று எழுதியிருக்கிறாய். மூன்றாவதுக்கு என் ஓட்டு உண்டு. நாலாவது வெறும் ஆசை. 1.2 எம்பியை விட்டுவிடு.

ஏனென்று சொல்கிறேன். ஃபிளாப்பி டிரைவ்களை இயக்கும் உன்னுடைய ஒரிஜினல் ஐபிஎம் கன்ட்ரோலர் கார்டு வினாடிக்கு 250 கிலோபிட் வேகம் ஒன்றைத்தான் அறியும். 1.2 எம்பி டிரைவ் கேட்பது 500, அதில் பழைய 360 கேபி டிஸ்கைப் போட்டால் 300. கார்டையும் மாற்றி, அதற்கென்று ஒரு பயாஸ் ரோம் சிப்பும் போட்டால் ஓடத்தான் ஓடும். ஆனால் டிஸ்கில் படித்து எழுதும் அதன் ஹெட் 80 டிராக்குக்கு, அதாவது 80 வட்டத் தடத்துக்கு, ஆன ஒல்லி ஹெட். 40 டிராக் டிஸ்கில் அது எழுதினால் பழைய அகல டிராக்கின் ஓரங்கள் அழியாமல் நிற்கும், 360 கேபி டிரைவ் பழசு, புதுசு இரண்டையும் சேர்த்துப் படித்துத் திணறும். நீ படிக்க வேண்டியது முழுக்க 360 கேபி டிஸ்குகள். எதற்கு இந்த வம்பு?

அப்புறம், மூன்றாவதை உள்ளே வைக்க நினைக்காதே. ஹார்ட் டிஸ்க் ஒரு பக்கத்தை முழுசாக அடைத்துக்கொண்டிருக்கிறது, மறுபக்கம் அரை உயர டிரைவ் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. இடம் இருந்திருந்தாலும் வெளியேதான் வைக்கச் சொல்வேன். காரணம் பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் பரணில் கிடந்த டிஸ்குகளின் நடு ஓட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார், வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருக்கும். அப்படி ஒன்றை ஓட்டினால் அழுக்கு ஹெட்டில் ஒட்டும். ஒட்டிய அழுக்கு அடுத்த டிஸ்கின் பூச்சைச் சுரண்டிவிடும். இப்படி நல்ல டிஸ்குகளைப் பறிகொடுத்தவர்கள் நிறையப் பேர். அதனால் சந்தேகப்பட்ட டிஸ்குகளுக்கென்று ஒரு டிரைவை மூடி கழற்றி மேஜைமேல் வைத்துக்கொள். ஒவ்வொரு டிஸ்குக்கும் பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பட்ஸால் ஹெட்டைத் துடை. பெட்டிக்குள் ஏ டிரைவாக இருந்தால் இதைச் செய்வாயா? உன் சோம்பேறித்தனம் எனக்குத் தெரியாதா?

வெளியே மாட்ட வழி ஏற்கெனவே இருக்கிறது. கார்டின் பின்பக்கம் 37 பின் சாக்கெட் ஒன்று நீட்டிக்கொண்டிருக்குமே, அது மூன்றாவது, நாலாவது டிரைவுக்காகவே ஐபிஎம் வைத்தது. 1981-இல் முதல் பிசி வந்தபோதே கார்டு நாலு டிரைவுக்குத் தயாராகத்தான் வந்தது. ஆனால் ஒரு கேபிளில் இரண்டுக்கு மேல் போகாது. ஷுகார்ட் என்ற டிரைவ் கம்பெனி வகுத்த பழைய முறையில் ஒரே கேபிளில் நாலு டிரைவ் வரை தொங்கலாம், எது எத்தனையாவது என்பதை அந்தந்த டிரைவின் ஜம்பர் (பின்களை இணைக்கும் குட்டித் துண்டு) சொல்லும், மோட்டாருக்குப் பொதுவாக ஒரே லைன். ஐபிஎம் அந்த லைன்களை எடுத்து டிரைவுக்குத் தனி மோட்டார் லைன், தனி செலக்ட் லைன் என்று பங்கு போட்டுவிட்டது. ஜம்பர் தொல்லையே வேண்டாமென்று எல்லா டிரைவையும் இரண்டாவது என்றே வைத்து, கேபிளில் 10 முதல் 16 வரை ஏழு கம்பியை முறுக்கிவிட்டார்கள். முறுக்குக்கு அப்பால் இருப்பது ஏ, இப்பால் இருப்பது பி. அசெம்பிள் செய்கிறவனுக்கு யோசிக்க வேலையில்லை. கெட்டிக்காரத்தனம்தான், அதற்கு விலை நம் மூன்றாவது டிரைவ்.

வெளிக் கேபிளை நீயே செய்துகொள்ளலாம். 37 பின்னில் மூன்றாவது டிரைவின் மோட்டார் லைன் 7, செலக்ட் லைன் 9. ஜம்பரை இரண்டாவதிலேயே விட்டால், டிரைவ் பக்கத்து 34 பின் கனெக்டரில் இவை முறையே 16-க்கும் 12-க்கும் போக வேண்டும். மற்ற சிக்னல்கள் வரிசையாகப் போகும், 20 முதல் 37 வரை எல்லாம் கிரவுண்ட். டிரைவ் அந்தக் கேபிளின் கடைசியில் இருப்பதால் கேபிள் முனையில் சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் டெர்மினேட்டர் ரெசிஸ்டரைப் பிடுங்காதே. மின்சாரத்துக்கு 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டும் தரும் தனி சப்ளை வைத்துக்கொள். எக்ஸ்டியின் 130 வாட்டை நாற்பது வயதுக்குப் பிறகு சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

பெட்டிக்குள் மதர்போர்டின் முதல் ஸ்விட்ச் வரிசையில் 7, 8 இரண்டும்தான் டிரைவ் எண்ணிக்கை. மூன்றுக்கு 7 ஆன், 8 ஆஃப். இங்கே ஒரு எச்சரிக்கை: டாஸ் 4 வரைக்கும் எல்லா ஃபிளாப்பிக்கும் எழுத்துக் கொடுத்த பிறகுதான் ஹார்ட் டிஸ்கின் முறை. மூன்றாவதை மாட்டியதும் புது டிரைவ் சி ஆகிவிடும், உன் ஹார்ட் டிஸ்க் டி ஆகிவிடும், நீ சி என்று எழுதி வைத்த பேட்ச் ஃபைல் எல்லாம் கதறும். டாஸ் 5-இல் ஹார்ட் டிஸ்க் சி-யை விட்டு நகராது. அதனால் முதலில் டாஸ் 5 போட்டுக்கொள், பிறகு ஸ்விட்சைத் தொடு.

மூன்றாவதாக மாட்ட ஒரு பழைய டிரைவ் கிடைத்ததும் உடனே டிஸ்கைப் போடாதே. அடியில் சக்கரம் தெரிகிற பெல்ட் டிரைவாக இருந்தால் அதில் கோடு கோடாக ஒட்டியிருக்கும். சுழல்வதைச் சோக் வைத்த பழைய டியூப்லைட் வெளிச்சத்தில் பார். 50 ஹெர்ட்ஸுக்கான கோடுகள் நின்றுபோனதுபோல் தெரிந்தால் வேகம் நிமிடத்துக்கு 300 சுற்று, சரி. முன்னால், பின்னால் ஊர்ந்தால் போர்டில் இருக்கும் சின்னத் திருகை மெல்லத் திருப்பு. எல்இடி பல்புக்கு இது வேலைக்காகாது. பிள்ளைகள் வீட்டில் எல்லா விளக்கையும் மாற்றிவிட்டார்கள் என்றால் மொட்டைமாடி ஸ்டோர் ரூமில் ஒன்றாவது மிச்சம் இருக்கும், பார்.

உன் பையன் ஃபிளாப்பி டிரைவுக்குப் பதிலாக கோடெக் (Gotek) போடச் சொல்கிறான் என்று எழுதியிருந்தாய். யூஎஸ்பி பென்டிரைவில் நூற்றுக்கணக்கில் டிஸ்க் இமேஜ் அடக்கும் அந்தக் கருப்புப் பெட்டியை நான் குறை சொல்லமாட்டேன், விளையாட்டுகள் ஓட்ட அது போதும். ஆனால் உன் டிஸ்கில் இருப்பதை அது எப்படிப் படிக்கும்? பி டிரைவாக இருக்கும் மூன்றரை அங்குல 720 கேபி டிரைவுக்கு நகல் எடுத்து, அதை யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் வழியாக லேப்டாப்புக்கு ஏற்றுவதுதான் உனக்கு நேர்வழி. நகலெடுக்க இரட்டை அடர்த்தி டிஸ்க் தேடி வாங்கு, 1.44 டிஸ்கின் ஓட்டையை டேப் ஒட்டி ஏமாற்றுவது நிலைக்காது.

அப்புறம், அலுவலகக் கணக்கு டிஸ்குகள் எதையும் ஓட்டுமுன் பக்கவாட்டு வெட்டை டேப்பால் மூடிவிடு, எழுத முடியாது. படிக்க மறுக்கும் டிஸ்கைத் திரும்பத் திரும்ப ஓட்டாமல் தனியே எடுத்து வை, நான் வந்து பார்க்கிறேன். தீபாவளிக்கு முன்னால் அந்தப் பக்கம் வருவதாக இருக்கிறேன். அதற்குள் ரிச்சி தெருவுக்குப் போனால் 37 பின் கனெக்டர் எனக்கும் சேர்த்து ஒன்று வாங்கி வை, காசு நேரில் தருகிறேன்.

அன்புடன்,
முரளி