ஒரு இரவு வந்து பாருங்கள்: எங்கள் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், ஆய்வுப் பிரிவு இயக்குநர் அவர்களுக்கும், என் ஆய்வு ஆலோசனைக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். என் கோப்பு உங்கள் மேசையில்தான் இருக்கிறது. அதனால் நான் எப்போது சேர்ந்தேன், தலைப்பு எத்தனை முறை மாறியது என்பதையெல்லாம் திரும்பச் சொல்லப் போவதில்லை. போன வாரம் உங்களிடமிருந்து வந்த கடிதத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். நான் கூத்தாடி நிகழ்த்திக் காட்டுவது மதிப்பீட்டுக்கு உரியதல்ல, தேவைப்பட்டால் குறுந்தகட்டில் பதிந்து பின்னிணைப்பாக வைத்துக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருந்தது. இரண்டே வரி. இரண்டு வருடமாக நான் செய்துவரும் ஆய்வு அந்த இரண்டு வரியில் பின்னிணைப்பாகிவிட்டது.

என் ஆய்வு தெருக்கூத்தைப் பற்றியது என்று சொன்னால் பாதிதான் உண்மை. கூத்தைப் பற்றி எழுதிய ஆய்வேடுகள் நம் நூலகத்திலேயே இருக்கின்றன, நல்லவையும் இருக்கின்றன. நான் கேட்ட கேள்வி வேறு. ஆண்களே கட்டி ஆடிவந்த துரியோதனன் வேஷத்தை ஒரு பெண் கட்டும்போது ஆட்டத்திலும் பாட்டிலும் என்ன மாறுகிறது, ஏன் மாறுகிறது? இதற்குப் பதில் புத்தகத்தில் கிடைக்காது. கட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கட்டிப் பார்த்தேன். கல்யாண முருங்கை மரம் லேசான மரம்தான், ஆனாலும் அதில் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கண்ணாடித் துண்டுகளோடு சேர்ந்து உடம்பில் ஏறி, கயிற்றை இழுத்து இறுக்கிக் கட்டி முடிக்கும்போது மார்பு விரியாது, மூச்சு அடிவயிற்றிலிருந்துதான் வர வேண்டும். கூத்தில் சுருதி எப்போதும் உச்சத்தில் இருக்கும். முதல் ஆறு மாதம் பாட்டின் இரண்டாவது அடியிலேயே எனக்கு மூச்சு அறுந்தது. அப்போதுதான் ஒன்று புரிந்தது: பின்பாட்டுக்காரர்கள் அடியின் பாதியில் வாங்கிப் பாடுவதைச் சொல்லை அழுத்திச் சொல்லும் உத்தி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் அந்த இடைவெளியில்தான் வேஷக்காரர் மூச்சு வாங்குகிறார். கட்டையின், அதாவது இந்த மர அணிகளின், பாரம் பாட்டின் அமைப்பையே தீர்மானிக்கிறது. இதை நான் எந்த மேற்கோளிலிருந்தும் எடுக்கவில்லை, அக்குளில் கயிறு அறுத்த தழும்பிலிருந்து எடுத்தேன். இது ஆய்வு இல்லை என்றால் ஆய்வு எது என்று தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.

என் ஆய்வின் முன்னேற்றத்தைப் பார்க்க நீங்கள் கூடிய மூன்றாவது அரையாண்டுக் கூட்டத்தை நீங்கள் மறந்திருக்கலாம், என்னால் முடியவில்லை. செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் அந்த வாரம் நான் ஆடுகிறேன், கூட்டத்தை அங்கே வைத்துக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. அப்புறம், கருத்தரங்க அறையில் 12 நிமிடம், 20 ஸ்லைடு என்று குறுஞ்செய்தி வந்தது. சரி, அங்கேயாவது ஒரு பிரவேசத்தை, வேஷம் களத்துக்குள் நுழையும் ஆட்டத்தை, ஆடிக் காட்டிவிடலாம் என்று எனக்குக் கூத்து கற்றுத்தந்த வாத்தியாரை அழைத்தேன். 68 வயது. முந்தின இரவு முழுக்கக் கூத்து, விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு, தூங்காமல், மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு மூன்று பஸ் மாறி வந்தார். அவர் பெயர் பட்டியலில் இல்லை என்று அறைக்குள் விடவில்லை. வராந்தாவில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே நான் டைல்ஸ் தரையில், புரொஜெக்டர் வெளிச்சத்தில், கைப்பேசியில் பதிந்த தாளத்துக்கு ஆடினேன். மேசைகளுக்கு நடுவே இருந்த இடத்தில் ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்ற முடியவில்லை. கட்டை ஒரு நாற்காலியில் இடித்துக் கண்ணாடி ஒன்று தெறித்தது. நான்காவது நிமிடத்தில் உங்களில் ஒருவர், "போதும்மா, நல்லா இருக்கு, இதுல ரிசர்ச் எங்க இருக்கு?" என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை, அன்பாகத்தான் கேட்டார். வெளியே வந்தபோது வாத்தியார் கேட்டது ஒன்றுதான்: "தாளம் கேட்டுச்சு கண்ணு, ஏன் பாதியில நின்னுபோச்சு?" அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவருடைய பஸ் செலவுக்கு நான் வைத்த பில்லும், உரிய ரசீது இல்லை என்று திரும்பி வந்துவிட்டது.

அந்தக் கூட்டத்தின் அறிக்கையில் 'முன்னேற்றம் திருப்திகரமாக இல்லை' என்று எழுதினீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிகளை நான் வரிக்கு வரி படித்திருக்கிறேன். முன்னேற்றம் திருப்தி இல்லையென்றால் குழு காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும், எப்படிச் சரிசெய்வது என்றும் சொல்ல வேண்டும். என் அறிக்கையில் காரணமும் இல்லை, வழியும் இல்லை. ஆனால் அதைக் காட்டி என் உதவித்தொகைக்கு மாதாமாதம் தர வேண்டிய உறுதிப்படுத்தலை நிறுத்திவிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் ஒருவர் (மேக்கர்) இணையத்தில் பதிவு செய்து இன்னொருவர் (செக்கர்) ஒப்புதல் கொடுத்தால்தான் பணம் வரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மாதம் 37,000 ரூபாய், ஐந்து மாதம். தேசிய அளவிலான நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகைக்குத் தேறி வந்த பணம் அது, யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல. விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் பாக்கி நிற்கிறது. என்னோடு பின்பாட்டுப் பாடும் இருவருக்கு மூன்று ஆட்டத்துக்கான கூலியை இன்னும் கொடுக்கவில்லை, அவர்கள் கேட்கவும் இல்லை. அவர்கள் கேட்காமல் இருப்பதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

நான் கேட்பது உலகத்தில் இல்லாத ஒன்றல்ல. ஹெல்சிங்கியில் உள்ள சிபேலியஸ் அகாதமியில் இசைக்கலைஞர்கள் தங்கள் கச்சேரிகளையே ஆய்வின் பகுதியாக வைத்து முனைவர் பட்டம் வாங்குகிறார்கள், கூடவே எழுத்தும் உண்டு. நார்வேயில் கலைவழி ஆய்வுக்கென்றே 2018 முதல் முனைவர் பட்டம் இருக்கிறது, அங்கே அந்த ஆய்வாளர் சம்பளம் வாங்கும் ஊழியர். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், பட்டம் இல்லாத துறை வல்லுநரையும் 'நடைமுறைப் பேராசிரியர்' ஆக்கலாம் என்று 2022லேயே வழிகாட்டுதல் வந்துவிட்டது. கலைஞர்களையும் கைவினைஞர்களையும் கல்வி நிலையங்களுக்குள் கொண்டுவர 2023லும் ஒன்று வந்தது. விதி என் வாத்தியாருக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கும்போது நம் கருத்தரங்க அறை மட்டும் ஏன் மூடியிருக்கிறது?

இதையும் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்துக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு வந்தபோது எங்களை வேஷம் கட்டி வாசலில் நிற்கச் சொன்னீர்கள். பட்டமளிப்பு விழாவுக்கும் அப்படித்தான். துறையின் கையேட்டு அட்டையில் இருப்பது என் வாத்தியாரின் முகம், அவரிடம் யாரும் கேட்கவில்லை. விருந்தினரை வரவேற்க இந்தக் கலை வேண்டும், ஆனால் இதற்குள் அறிவு இருக்கிறது என்று சொன்னால் குறுந்தகட்டில் போடு என்கிறீர்கள். எழுதத் தெரிந்தவனிடம்தான் அறிவு இருக்கும் என்ற நினைப்பு பழையது. ராத்திரி முழுக்கப் பாரதத்தை மனப்பாடமாகப் பாடி, கேட்பவர்களை விடியும்வரை உட்கார வைக்கிறவர்களைப் பார்த்த பிறகும் அந்த நினைப்பு நமக்குப் போகவில்லை என்பது எனக்குப் பெரிய வேதனை. கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் மன்னிக்க வேண்டும். உங்களில் சிலர் எனக்குப் பாடம் நடத்தியவர்கள், அந்த மரியாதை எனக்கு உண்டு.

எழுத மாட்டேன் என்று நான் சொல்லவே இல்லை. 120 பக்கம் எழுதி முடித்திருக்கிறேன், மீதியையும் எழுதுவேன். என் கோரிக்கை ஒன்றுதான்: ஆட்டத்தை ஆய்வின் ஒரு பகுதியாக ஏற்று மதிப்பிடுங்கள். ஆய்வேட்டை வாசிக்கப் போகும் வெளித் தேர்வாளர்கள் இருவரும் ஒரு இரவு களத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், அவர்களில் ஒருவராவது கூத்து தெரிந்தவராக இருக்கட்டும், குழுவில் என் வாத்தியாரைச் சிறப்பு அழைப்பாளராகச் சேருங்கள். நிறுத்திய ஐந்து மாத உறுதிப்படுத்தலையும் பதிவேற்றச் சொல்லுங்கள். ஆட்டம் பார்த்த பிறகு இது தேறாது என்று நீங்கள் எழுதினால் அதைக் காரணத்தோடு எழுதுங்கள், நான் ஏற்றுக்கொண்டு திருத்துகிறேன். பார்க்காமல் மட்டும் எழுதாதீர்கள்.

வரும் வைகாசியில் அதே ஊரில் பதினெட்டாம் போர், பாரதப் போரின் கடைசி நாள் கூத்து. இரவு 10 மணிக்கு மேளம் கட்டுவார்கள், என் பிரவேசம் நள்ளிரவுக்கு மேல். விடிந்தால் படுகளம், துரியோதனன் வீழும் சடங்கு. பல்கலைக்கழக வண்டி கிடைக்காவிட்டால் செய்யாறு பேருந்து நிலையத்துக்கு நானே ஆள் அனுப்புகிறேன். ஊர்க்காரர்களிடம் சொல்லி முன்வரிசையில் உங்களுக்குப் பாய் போட்டு வைத்திருப்பேன். தயவுசெய்து வாருங்கள்.

இப்படிக்கு,
நிகழ்த்துகலைத் துறையின் முழுநேர ஆய்வாளர்