சர்க்கரை சேர்ப்பதில்லை, மிச்சம் வைக்கிறார்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் தெற்குப் பிரான்ஸ் பயணக் கட்டுரை, ருசியோன் வட்டாரத்தின் பான்யூல்ஸ், மோரி, ரிவ்சால்ட் ஒயின்களை ‘சர்க்கரையும் பிராந்தியும் கலந்தவை’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது. இரண்டுமே தவறு.

அந்த இனிப்பு முழுக்கத் திராட்சையுடையது. பறிக்கும்போதே சாற்றில் லிட்டருக்குக் குறைந்தது 252 கிராம் சர்க்கரை இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீத ஆல்கஹால் கிடைக்கும். அப்படியே விட்டால் 15 சதவீதம் ஏறும், இனிப்பு துளியும் மிஞ்சாது. அதனால் ஸ்பிரிட் (செறிந்த ஆல்கஹால்) ஊற்றி, ஈஸ்ட்டை முடக்கி, நொதித்தலைப் பாதி வழியில் நிறுத்துகிறார்கள். ‘ம்யூட்டாஜ்’ என்று பெயர், ஊமையாக்குவது என்று பொருள். நுரைத்துச் சலசலக்கும் தொட்டி அதோடு வாயடைத்துப் போகும்.

கணக்கு இது: 100 லிட்டர் சாற்றில் சர்க்கரை லிட்டருக்கு 126 கிராமாக இறங்கி, ஆல்கஹால் 7.5 சதவீதத்தைத் தொட்டதும் 10 லிட்டர் ஸ்பிரிட் ஊற்றினால், முடிவில் 15.5 சதவீத ஆல்கஹாலும் லிட்டருக்கு 115 கிராம் சர்க்கரையும் நிற்கும். ஊற்றுவது பிராந்தி அல்ல. மணமோ நிறமோ இல்லாத 96 சதவீத ஸ்பிரிட். போர்ச்சுகலின் இனிப்பு ஒயினான போர்ட்டுக்கு 77 சதவீத ஸ்பிரிட், மொத்த அளவில் ஐந்தில் ஒரு பங்கு போகும். இவற்றை ‘போர்ட்டின் தம்பி’ என்று வர்ணிப்பது இங்கேயே இடறுகிறது.

கை தவறுவது பெரும்பாலும் நேரத்தில்தான். நொதித்தல் வேகமெடுத்த தொட்டியில் அரை நாள் அசந்தாலும் இனிப்பு இறங்கிவிடும். சாற்றின் அடர்த்தியை வைத்துச் சர்க்கரையைக் காட்டும் ஹைட்ரோமீட்டரும் கையுமாக நிற்க வேண்டும். இன்னொன்று, ஸ்பிரிட் சாற்றைவிட லேசானது, மேலேயே மிதக்கும். பம்பு வைத்துச் சுழற்றிக் கலக்காவிட்டால் அடியிலுள்ள ஈஸ்ட் தன் வேலையைத் தொடரும். கிரெனாஷ் என்ற திராட்சையின் சிவப்பு ஒயினில் தோலோடும் சக்கையோடும் சேர்த்தே ஊற்றுவதுண்டு. நிறமும் துவர்ப்பும் நன்றாக இறங்கும். ஆனால் சக்கை குடித்துக்கொள்ளும் ஸ்பிரிட் நஷ்டக் கணக்கு.

மோரியில் வெட்டவெளியில் வரிசையாக நிற்கும் கண்ணாடிக் குடுவைகளைக் கட்டுரையாளர் ‘அலங்காரம்’ என்கிறார். அவற்றில் இருப்பது முதிரும் ஒயின். பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறிப் பட்டு, சிவப்பு செங்கல் நிறமாகி, பழுப்பாகி, வால்நட், உலர் அத்தி, காப்பி வாசனை ஏறும்.

‘திறந்த பாட்டிலை இரண்டே நாளில் முடிக்க வேண்டும்’ என்பதும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. குடுவையிலோ பீப்பாயிலோ காற்றுப் பட்டு முதிர்ந்தது குளிர்பெட்டியில் வாரக்கணக்கில் தாங்கும். காற்றுப் படாமல் சீக்கிரம் பாட்டிலில் அடைத்த பான்யூல்ஸ் ‘ரிமாஜ்’ வகைதான் சில நாளில் சோர்ந்துபோகும். வாங்குபவர்கள் லேபிளில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பெர்ப்பிஞான்